ஏழாம் இலக்கம் போட்ட இரண்டு பேர்

சென்ற மாதம் இங்கே ஓக்லண்டில், மனுரேவாத் தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது ஆண்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. ஓக்லண்டின் றக்பி லீக் அணியை நடத்தியவர்களில் யார் கெட்டிக்காரன், ஹேமியா வாரனா என்பதுதான் கதை. இரண்டு பேரும் ஒருவருக்குப் பின் ஒருவராக அதே ஏழாம் இலக்கச் சட்டையைப் போட்டவர்கள். இரண்டு பேரும் தலைவர்களாக இருந்தவர்கள். உதயன் தம்பி கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்கள்தானே அவங்கட உடுப்பெல்லாம் தோய்ச்சனீங்கள். நீங்கள் சொல்லுங்கோ. ஆர் திறம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்கு நா ஒட்டிக்கொள்ளும். "ரெண்டு பேரும் நல்ல பிள்ளையள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பை கழுவப் போய்விட்டேன். "இவவிட்ட ஒரு கதையும் புடுங்கேலாது. பாங்குப் பெட்டகம்" என்று உதயன் சொன்னதும் மற்றவர்கள் சிரித்ததும் பின்னால் கேட்டது.

சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ என்று முன்பே கேட்டிருந்தார்கள். வாயால் சொல்ல முடியாததை எழுதிப் பார்க்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். பிழை இருந்தால் திருத்திப் போடவும்.

மன்னாரிலிருந்து மகள் ரீற்றாவிடம் வந்து சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. சும்மா இருக்கப் பழகாத உடம்பு. மைதானத்தில் உடுப்புத் தோய்க்க ஆள் தேவை, இங்கிலிசு அதிகம் வேண்டாம் என்று ரீற்றா பேப்பரில் பார்த்தாள். இங்கிலிசு வேண்டாம் என்ற வரிக்காகத்தான் நான் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி ஆறு வருடம் அந்த வேலை செய்தேன்.

லோண்டரி, பார்வையாளர் படிக்கட்டுகளின் அடியில் இருந்த நீளமான அறை. இரண்டு பெரிய மெசின், உலர்த்துகிற மெசின் ஒன்று, கல் தொட்டி ஒன்று, உயரத்தில் ஒரு சின்ன யன்னல். மறுபக்கக் கதவுக்கு அப்பால் ஆட்டக்காரரின் பகுதி. ஒரே ஒரு நாளைத் தவிர அந்தக் கதவை நான் தாண்டியதே இல்லை. கூடைகள் அங்கிருந்து வரும், திரும்பிப் போகும்.

எனக்கு மேலே இருந்தவர் நோயல். அணியின் உடுப்பு, சப்பாத்து, பந்து எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. முன்பு கப்பலில் களஞ்சிய அறை பார்த்தவராம். மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். தோய்த்து உலர்ந்த ஒவ்வொரு சட்டையையும் இரண்டு கையாலும் யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். கறை இருந்தால் ஒரு சொல் பேசமாட்டார். கறை இருந்த இடத்தில் உடுப்புக் கொழுவுகிற கிளிப் ஒன்றைக் குத்தி என் மேசையில் திரும்ப வைத்துவிட்டுப் போவார். முதல் கிழமை என் மேசை முழுக்கக் கிளிப். இரண்டாம் மாதம் ஒருநாள் ஒன்றும் இல்லை. அன்று அவர் தன் கையால் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அதற்கும் ஒரு சொல் இல்லை. எங்கள் இருவருக்கும் அதனால்தான் ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமைதான் பெரிய வேலை. ஞாயிறு ஆட்டத்தின் உடுப்புகளை முதலில் உட்புறம் வெளியே வரத் திருப்ப வேண்டும். ஒட்டியிருக்கிற பிளாஸ்டரை ஒவ்வொன்றாக உரிக்க வேண்டும். இரத்தக் கறை உள்ளதை வேறாக எடுத்து, ஒரு பிடி உப்புப் போட்ட பச்சைத்தண்ணியில் ஊறவைத்து, சவர்க்காரக் கட்டியால் கையால் தேய்த்துப் பிறகுதான் மெசினுக்குள் போட வேண்டும். இரத்தத்துக்குச் சுடுதண்ணி காட்டவே கூடாது. காட்டினால் மண்ணிறமாகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. பீட்ரூட், பழச்சாறு இவற்றுக்கு நேர்மாறு. அவை சுடுதண்ணி ஊற்றினால்தான் விட்டுப்போகும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே நோயல் ஒரு சட்டம் சொன்னார். லோண்டரியில் கண்டதை லோண்டரியோடு விட வேண்டும். அது என்னத்துக்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. ஒருநாள் வாசலில் ஒரு மனிதர் பெரிய சொக்லேற் பெட்டியோடு நின்று, யாருடைய முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறது என்று சிரித்துச் சிரித்துக் கேட்டார். பந்தயம் கட்டுகிறவராம். நான் "நோ இங்கிலிஸ், நோ இங்கிலிஸ்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடிவிட்டேன். அதன்பிறகு அந்தச் சட்டம் சரியென்றே பட்டது. கூடைக்குள் இருப்பது ஒரு மனிதனின் உடம்புச் செய்தி. அதை நான் ஏன் ஊருக்குச் சொல்ல வேண்டும்?

இனி உதயன் தம்பி கேட்ட கேள்வி. ஏழாம் இலக்கக்காரனின் வேலை என்னவென்று ரீற்றாவின் புருசன் எனக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். பந்தைக் கொடுப்பதா, உதைப்பதா, தானே ஓடுவதா என்று கண் மூடித் திறப்பதற்குள் அவன் முடிவெடுக்க வேண்டும். மற்றப் பன்னிரண்டு பேரும் அவனைப் பார்த்துத்தான் ஓடுவார்கள். நான் ஒரு ஆட்டமும் முழுசாகப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் சட்டைகள்தான்.

ஹேமி வடக்கே இருந்து வந்த மாவோரிப் பிள்ளை. சத்தமே போடமாட்டான். காலுறையைச் சரியாகத் திருப்பி, பிளாஸ்டரை உரித்து, சட்டையை மடித்துத்தான் கூடையில் போடுவான். கூடையைத் தானே தூக்கி வந்து, "ஆன்ட்டி, இது பாரம், விடு" என்று மெசினடியில் வைப்பான். அவன் நடத்திய காலத்தில் பதின்மூன்று சட்டையும் ஒரே அளவு ஊத்தையாக வரும். ஒருவன் அதிகம், ஒருவன் குறைவு என்று இல்லை. வேலையை எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறான் என்று எனக்கு விளங்கும்.

வாரன் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவன். வாய் ஓயாது. என்னை "பாஸ்" என்றுதான் கூப்பிடுவான். சட்டைக் கழுத்தைக் கடிக்கிற பழக்கம் அவனுக்கு. ஒவ்வொரு திங்களும் கழுத்துப் பட்டி பல் அடையாளத்தோடு நைந்து வரும். ஒரு சோடிக் காலுறையை அதிர்ஷ்டம் என்று தோய்க்க விடமாட்டான்.

"பாஸ், அதுக்குத் தண்ணி காட்டினால் நாங்கள் தோற்போம்."

"காட்டாவிட்டால் நான் செத்துப்போவேன்" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலிசில். அறை அதிரச் சிரித்தான். நான் பகிடி விட்டது எனக்கே ஆச்சரியம்.

அவன் காலத்தில் ஓரத்தில் ஓடுகிறவர்களின் சட்டை சில நாள் தோய்க்கத் தேவையில்லாத மாதிரி வரும். அவனுடையது மட்டும் தோளோடு கிழிந்து, புல்லும் மண்ணும் இரத்தமுமாக வரும். பந்தைக் கடைசி நொடிவரை தன்னிடமே வைத்திருப்பானாம். அடிக்க வருகிறவன் மேலே விழுகிறபோதுதான் விடுவானாம். அதனால் தோற்கப் போன ஆட்டங்களையும் வென்று கொடுத்திருக்கிறான். அதனால்தான் அடியும் அவனுக்கே விழுந்தது.

முதலில் ஹேமியின் கதையைச் சொல்லவேண்டும். அதைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனாலும் சொல்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை ஹேமியின் வெள்ளை உள்காற்சட்டையில், முன்பக்கம், சிவப்பும் மண்ணிறமும் கலந்த ஒரு கறை. நோயலிடம் காட்டினேன்.

"பீட்ரூட்" என்றார் நோயல். "இந்த நாட்டில் ஹம்பேகருக்குள் பீட்ரூட் வைக்கிறார்கள், மிஸஸ் குரூஸ். குழந்தைகள் மாதிரி மடியில் ஊற்றிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்."

அன்று பின்னேரம் ஹேமி வந்தபோது அவனும் அதையேதான் சொன்னான். "பெரிய பேகர், ஆன்ட்டி." நானும் சிரித்தேன்.

பீட்ரூட் என்றால் சுடுதண்ணிக்குப் போகவேண்டுமே. ஊற்றினேன். போகவில்லை. கறுத்து மண்ணிறமாகித் துணியோடு பிடித்துக்கொண்டது. அது இரத்தம். சிறுநீரோடு போன இரத்தம். லோண்டரியில் கண்டதை லோண்டரியோடு விட வேண்டும் என்ற சட்டம் நினைவுக்கு வந்தது. பிறகு அந்தக் காற்சட்டையைக் குப்பையில் போட்டுப் புதியது ஒன்றை எடுத்துக் கூடையில் வைத்தேன். அடுத்த கிழமையும் அதே கறை. அந்த முறை பச்சைத்தண்ணியில் உப்புப் போட்டு, ஒரு அடையாளமும் இல்லாமல் வெள்ளை வெளேரென்று தோய்த்துக் கொடுத்தேன். கிளிப் வரவில்லை.

மூன்றாம் கிழமை பயிற்சியில் ஹேமி சுருண்டு விழுந்தான். அம்புலன்ஸ் வந்தது. அடிபட்டுக் கிழிந்திருந்த ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது. அதன்பிறகு அவன் ஆடவே இல்லை. முதல் கிழமையே பார்த்திருந்தால் ஓய்வோடு போயிருக்குமாம், டொக்டர் சொன்னதாக நோயல் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அந்த அத்தாட்சியை இரண்டு கையாலும் தேய்த்து இல்லாமல் ஆக்கியவள் நான்தான்.

இரண்டு வருடம் போனது. ஏழாம் இலக்கம் வாரனிடம் வந்து, அணியும் மேலே வந்துகொண்டிருந்தது. அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் வென்றால் இறுதிச் சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. அதற்கு முந்திய ஞாயிறு ஆட்டத்தின் சட்டைகள் திங்கள் வந்தன. வாரனின் முகம் துடைக்கிற துவாய் வாந்தியோடு சுருண்டு கிடந்தது. ஓடிக் களைத்தவர்கள் வாந்தி எடுப்பது வழக்கம்தான். தோய்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அன்று பயிற்சி கொஞ்சம்தான். ஆனாலும் துவாயில் திரும்பவும் வாந்தி, அதுவும் சட்டைக்குள் ஒளித்து வைத்தபடி. பழக்கத்தில் கை தொட்டிக்குப் போனது. பிறகு அதைத் தோய்க்காமல் ஓரமாக வைத்தேன். ஏனென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

புதன் காலை அவனே வந்தான். பயிற்சிச் சட்டையை வாங்கி அந்த இடத்திலேயே போட்டுக்கொண்டு போனான். கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்து, "பாஸ், என்னுடைய சட்டை எங்கே?" என்றான்.

"நீ போட்டிருக்கிறாய்."

குனிந்து பார்த்தான். சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுடையது மாதிரி இல்லை. "அந்த லைற்றை நிறுத்து" என்று கண்ணைப் பொத்தினான். நான் நிறுத்தினேன். உலர்த்துகிற மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தி, ஈரத் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டான். அதிலும் கொஞ்சம் வாந்தி எடுத்தான். முப்பது வயது வராத பிள்ளை, ஆட்டுக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தான்.

"ஒருவருக்கும் சொல்லாதே, பாஸ். ஞாயிறு மட்டும் முடியட்டும். பிறகு படுத்துக்கொள்கிறேன்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் போனபிறகு அந்தத் துவாயையும் தோய்க்கவில்லை. இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்து வைத்தேன்.

அணியின் டொக்டரிடம் சொல்லப் போகிறேன் என்று வீட்டில் ரீற்றாவிடம் சொன்னேன். கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

"அம்மா, உங்களுக்கு விசரே? இறுதிச் சுற்று எண்டு ஊரே துள்ளுது. உங்களாலதான் அவன் விளையாடேல்ல எண்டால் வேலை போயிடும்."

"போகட்டும்."

"அவன் வளர்ந்த ஆம்பிளை. அவனுக்குத் தெரியாதே தன்ர உடம்பு?"

"ஹேமிக்கும் தெரியும்தானே, பிள்ளை. அண்டைக்கும் நான் இப்பிடித்தான் பேசாமல் இருந்தனான்."

ரீற்றாவுக்கு ஹேமியின் காற்சட்டைக் கதையை அதுவரை நான் சொன்னதில்லை. அன்று சொன்னேன். "சரி, டொக்டரிட்ட என்ன சொல்லப் போறியள்? சொல்லிக் காட்டுங்கோ" என்றாள். மூன்று வசனம் எழுதித் தந்து, சாப்பிடும்வரை திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தாள்.

வியாழன் காலை நோயல் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார். "என்ன நாற்றம், மிஸஸ் குரூஸ்? உங்கள் அறையிலா?"

பையைக் காட்டி, "வாரன்" என்றேன். "பீட்ரூட் இல்லை, நோயல்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். திரும்பக் கழற்றினார். "நான் சொன்னால் அது கோச்சிடம்தான் போகும். கோச்சுக்கு ஞாயிறு வாரன் வேண்டும். நீங்கள் சொன்னால் நேரே டொக்டரிடம் போகும்." சாவியை எடுத்து மறுபக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "இரண்டு மணிக்கு வருவார். இடது பக்கம் மூன்றாவது கதவு. நான் இங்கேதான் நிற்பேன்."

அந்த நடைவழி ஓடை இருபது அடி இருக்குமோ என்னவோ. சுவரோரம் நீளமான மர வாங்கில் ஆட்டக்காரர் வரிசையாக, காலில் ஐஸ் கட்டி வைத்தபடி இருந்தார்கள். அத்தனை பேரின் உள்ளுடுப்பும் எனக்குத் தெரியும், அத்தனை பேரின் முகமும் அன்றுதான் சேர்த்துப் பார்த்தேன். "ஆன்ட்டிக்கும் முழங்கால் பிடித்துவிட்டதா?" என்று ஒருவன் கேட்டான். "ஞாயிறு ஆன்ட்டியை இறக்குங்கள், எதிரிகள் ஓடிவிடுவார்கள்" என்றான் மற்றவன். நான் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனேன்.

டொக்டரின் முன்னால் மூன்று வசனமும் மறந்துவிட்டது. பையை அவிழ்த்து மேசையில் வைத்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. "வாரன் சுகமில்லை. நாலு நாள். மறக்கிறான்." லைற் என்ற சொல் வரவில்லை. சுவரில் இருந்த சுவிச்சை நிறுத்தி, கண்ணைப் பொத்திக் காட்டினேன். டொக்டர் சிரிக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்து வாரனைக் கூப்பிட்டார்.

வாரன் வந்து பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"உன்னை உடுப்புத் தோய்க்கத்தானே வைத்திருக்கிறார்கள்! இதைத் தோய்க்காமல் தூக்கிக்கொண்டு திரிகிறாய்!"

ஓடை முழுக்கக் கேட்டது. டொக்டர் அமைதியாக, "போன ஞாயிறு யாரோடு ஆடினீர்கள், வாரன்?" என்று கேட்டார். அவன் உடனே ஒரு அணியின் பெயரைச் சொன்னான். வெளியே வாங்கில் இருந்த ஒருவன், "அது அதற்கு முந்திய கிழமை" என்று மெதுவாகச் சொன்னான். அதன்பிறகு ஒருவரும் பகிடி விடவில்லை. வாரன் கதிரையில் உட்கார்ந்து கழுத்துப் பட்டியைப் பல்லால் தேடினான். அன்று அவன் போட்டிருந்த சட்டைக்குக் கழுத்துப் பட்டி இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன ஞாயிறு தலையில் பட்ட அடியில் மண்டை ஓட்டுக்குக் கீழே இரத்தம் மெதுவாகச் சேர்ந்துகொண்டிருந்ததாம். அன்று பின்னேரமே சின்னத் துளை போட்டு எடுத்தார்கள். ஞாயிறு இன்னொரு அடி விழுந்திருந்தால் மைதானத்திலேயே முடிந்திருக்கும் என்று டொக்டர் கோச்சுக்குச் சொன்னாராம்.

வெள்ளி காலை நோயல் கதவடியில் நின்றார்.

"எழும்பிவிட்டான். இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி கேட்கிறானாம். நேர்ஸ் கொடுக்கவில்லையாம். அவவோடு சண்டை பிடிக்கிறானாம்."

நான் சவர்க்காரத்தூள் வாளியின் மேல் குந்தி அழுதேன். என்னோடு இரண்டு வருடமாக இருந்த ஒரு பாரம், அப்படியே கழன்று விழுந்த மாதிரி. நோயல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

ஞாயிறு அணி தோற்றது. இறுதிச் சுற்று இல்லை. அலுவலகத்தில் சிலர் என்னைக் கண்டும் காணாததுபோலப் போனார்கள். வேலையிலிருந்து நிற்பாட்டிக் கடிதம் வரும் என்று இரண்டு கிழமை காத்திருந்தேன். நோயலிடம் கேட்டும் விட்டேன். "வராது, மிஸஸ் குரூஸ். வந்தால் இரண்டு வரும்" என்றார். மற்றது தனக்கு என்பதை நான் ரயிலில் வீட்டுக்குப் போகும்போதுதான் விளங்கிக்கொண்டேன்.

வாரனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போன ஹேமி, வருகிற வழியில் லோண்டரிக்கும் வந்தான். ஹென்டர்சனில் டயர்க் கடை ஒன்றில் வேலை செய்கிறானாம். கொஞ்சம் கொழுத்திருந்தான். காற்சட்டைக் கதையை, சுடுதண்ணி ஊற்றியதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் வாங்கில் உட்கார்ந்து கேட்டான்.

"எனக்கும் அது பேகர் இல்லை என்று தெரியும், ஆன்ட்டி. நீ சொல்லியிருந்தால் ஒரு வருடம் உன்னோடு கதைத்திருக்கமாட்டேன்." பிறகு சொன்னான்: "ஒரு வருடம்தான்."

உதயன் தம்பி, நீங்கள் கேட்டதற்கு இப்போது சொல்கிறேன். ஆளைப் பார்த்தால் வாரன்தான் திறம். அணியைப் பார்த்தால் ஹேமி. பதின்மூன்று சட்டையும் ஒரே மாதிரி ஊத்தையாக வருவது பிறகு யாருடைய காலத்திலும் நடக்கவில்லை. தங்கள் நோவை மறைப்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒன்று.

வாரன் ஊருக்குத் திரும்பிப் போகிற அன்று லோண்டரிக்கு வந்தான். மொட்டைத் தலை, காதுக்கு மேலே தையல் அடையாளம். பக்கத்தில் ஒரு வயதான பெண், என் உயரம்தான். "இது என் அம்மா" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களிடம் விடைபெற உள்ளே போய்விட்டான். எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்ல வெட்கப்பட்டான் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாவும் நானும் தனியே நின்றோம். அவவும் அதிகம் பேசாத ஆள்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கைப்பையைத் திறந்தா, மூடினா. ஏதோ சொல்ல வாயெடுத்தா, கண் கலங்கிவிட்டது. பிறகு கைப்பையை வாங்கில் வைத்துவிட்டு, மேசையில் குவிந்து கிடந்த துவாயில் ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினா. நானும் ஒன்றை எடுத்தேன். நாங்கள் நாலாக மடிப்பது வழக்கம். அவ மூன்றாக மடித்துச் சுருட்டி வைத்தா. நான் அதை அப்படியே அடுக்கில் வைத்தேன். வாரன் வந்து பிளேனுக்கு நேரமாகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அவ கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டுக் கடைசித் துவாய்வரை மடித்து முடித்தா. என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தா. போய்விட்டா.

அடுத்த நாள் நோயல் அடுக்கைப் பார்த்து, "யார் இது இப்படிச் சுருட்டியது?" என்று கையை நீட்டினார்.

"தொடவேண்டாம்" என்றேன். ஆறு வருடத்தில் நோயலுக்கு நான் போட்ட உத்தரவு அது ஒன்றுதான். அவர் கையை எடுத்துக்கொண்டார்.